ஒரே ஒரு பாவனையாளர் என்று எழுதினார்கள்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் வழக்கமாகப் பெரிய ஆட்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். பங்குத்தந்தை, முன்னாள் தலைவர்கள், வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டி அனுப்பியவர்கள். இந்த முறை நான் ஜெசிதாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், மலர்க்குழுவில் இருந்த ஒருவர், "அண்ணை, அது ஸ்பெயார்ஸ் கடையிலை நிக்கிற பிள்ளை எல்லோ?" என்று கேட்டார்.

ஓம், கடையில் நிற்கிற பிள்ளைதான். குருநகர் கடற்கரை வீதியில் எஞ்சின் சாமான் விற்கிற கடையில், காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து வரைக்கும் பிளக்கும் பெல்ற்றும் எடுத்துக் கொடுக்கிறவள். வயது முப்பத்தெட்டு. அவளைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் செல்வரட்ணம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறத்தியாரின் வள்ளத்தில் தண்ணீர் இறைத்துத் தொழில் தொடங்கி, இன்றைக்கு மூன்று வள்ளமும் ஒரு எஞ்சின் பட்டறையும் வைத்திருக்கிறேன். ஒருவரிடமும் போய் நிற்கவில்லை. ஒன்பது வருடம் இந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தேன். கட்டடத்துக்குக் கூரை ஏறியது என் காலத்தில். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்தட்டும். என் கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

எங்கள் கடல் ஆழமில்லாத கடல், கடனீரேரி என்போம். மண்டைதீவைத் தாண்டிப் பூநகரிப் பக்கம் போகும் வழியில் சில இடங்களில் இறங்கி நின்றால் இடுப்பளவுதான் தண்ணீர். அதில் தடி நட்டுச் சிறகுவலை கட்டுகிறோம். யார் எந்த இடத்தில் கட்டுவது என்று சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு எடுப்போம். அப்படி ஒருவருக்கு விழுகிற இடத்தைப் பாடு என்போம். பாடு மாறும்போது பழைய தடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்குவார்கள். சிலது அடியோடு வராமல் முறிந்துவிடும். முறிந்த கட்டை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டிருக்கும். கலங்கிய தண்ணீரில் அது ஒருவர் கண்ணுக்கும் படாது.

பதினொரு வருடத்துக்கு முன், நல்ல உச்சி வெயிலில், ஜெசிதாவின் புருஷன் றொகான் அப்படி ஒரு கட்டையில் வள்ளத்தை ஏற்றினான். வள்ளத்தின் பைபர் அடி பிளந்தது. எஞ்சின் கழன்று அவன் காலில் விழுந்தது. ஆள் பிழைத்தான், வலது கால் மடங்காமல் போய்விட்டது. அன்றிலிருந்து அவன் கடலுக்குப் போவதில்லை. வீட்டு விறாந்தையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறான்.

வேறொருத்தியென்றால் தடியை நட்டவனைத் தேடிப்பிடித்துத் திட்டியிருப்பாள். ஜெசிதா என் பட்டறைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, கட்டையள் எங்கை எங்கை நிக்குது எண்டு ஆருக்காவது முழுக்கத் தெரியுமோ?"

"ஏன் தெரியாது? எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டி விட்டாலும் பூநகரிக்குப் போட்டு வருவன்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன மாமா, இவருக்குத் தெரியேல்லையே."

நான் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவள் தன் தம்பியின் வள்ளத்தில் ஏறிப் போவாள். போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கழியால் தண்ணீருக்குள் தட்டித் தட்டிப் பார்ப்பாள். கட்டை அகப்பட்டால் அந்த இடத்தைப் போனில் குறிப்பாள். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது. இரண்டு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டைகளைக் குறித்திருந்தாள்.

குறித்ததை வள்ளக்காரருக்கு எப்படிக் காட்டுவது? அங்கேதான் கொம்பியூட்டர் வருகிறது. கடல் வரைபடம் காட்டுகிற ஒரு புறோகிராம் இருக்கிறது. அதற்கு விலையில்லை. உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்கலாம். பல நாட்டு ஆட்கள் சம்பளம் இல்லாமல் கூடிச் செய்வது. பழைய லப்டொப்பிலும் ஓடும், போனிலும் ஓடும். லப்டொப்பில் எந்தப் புறோகிராமும் பொதுக் களஞ்சியம் ஒன்றிலிருந்துதான் இறங்கும். களஞ்சியம் என்றால் கட்டடம் இல்லை, இன்ரநெற்றில் ஒரு இடம். அந்தப் பொதுக் களஞ்சியத்தில் இந்தப் புறோகிராம் எப்போதும் பழசாகவே கிடந்ததால், செய்கிற ஆட்கள் தங்களுக்கென்று ஒரு தனிக் களஞ்சியம் திறந்து, போனுக்கும் லப்டொப்புக்கும் அதிலிருந்தே புதுசைக் கொடுத்தார்கள். ஜெசிதா அவர்களுக்கு எழுதிக் கேட்டு, அதில் ஒரு தட்டு வாங்கினாள். அந்தத் தட்டில் எங்கள் கடனீரேரியை ஒரு பொதியாக வைத்தாள். கட்டை நிற்கிற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஓகஸ்டும் சங்கத்தில் சீட்டு விழுந்ததும் பாடுகள் மாறும். தடி மாறும். அவள் திரும்பவும் கழியோடு போவாள். வந்து பொதியைப் புதுப்பிப்பாள். அந்தப் பொதிக்கு இப்போது ஒன்பது வயது. இந்த ஒன்பது வருடத்தில் எங்கள் பக்கத்து வள்ளம் ஒன்றுகூடக் கட்டையில் ஏறவில்லை. இதைச் செய்ததற்கு அவளுக்கு ஒருவரும் ஒரு பொன்னாடை போடவில்லை.

இப்போது என் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நான்தான் சங்கத் தலைவர். முதல் வருடம் ஜெசிதா கூட்டத்தில் எழும்பி, "ஒவ்வொருத்தரும் தங்கடை போனிலை நேரை இறக்கினால் நல்லது," என்றாள். நான் மேசையில் அடித்துச் சொன்னேன்: "ஏன் எல்லாரும் இறக்கிறது? சங்கத்து லப்டொப்பிலை ஒருக்கால் இறக்கு. பென்டிரைவிலை ஏத்து. சீட்டு விழுகிற அண்டைக்கு எல்லாரும் வரிசையிலை வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்."

அது என் மூளையில் சும்மா முளைத்த யோசனை இல்லை. சண்டை நடந்த தடைக் காலத்தில், சாமான் ஒன்றும் வரவிடாதபோது, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. எங்கள் ஒழுங்கையில் நான் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோவில் ஒரு றேடியோ ஓட்டினேன். எட்டு வீட்டுச் சனம் அதில் செய்தி கேட்டது. ஒருவனிடம் வந்தால் எல்லாருக்கும் வந்தது என்றுதான் நாங்கள் வாழ்ந்தோம். செயலாளர் கிறிஸ்ரோபருக்கு அந்த வேலையைக் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு ஓகஸ்டும் கழுத்தில் பென்டிரைவைக் கட்டிக்கொண்டு, நற்கருணை கொடுக்கிறவர் மாதிரி நிற்பான்.

இப்படி இருக்கும்போது இந்த ஜூன் மாதம் அந்த அறிவித்தல் வந்தது. ஏழே வரி. புறோகிராம் இப்போது போனுக்கும் லப்டொப்புக்கும் பொதுக் களஞ்சியத்திலேயே புதுசாகக் கிடைக்கிறது, ஆகவே தனிக் களஞ்சியம் இனித் தேவையில்லை, ஜூன் முப்பதாம் திகதி மூடப்படும். பாவனையில் உள்ள பொதிகள் பொதுக் களஞ்சியத்துக்கு மாற்றப்படும். மற்றவை அழிக்கப்படும். கீழே ஒரு அட்டவணை. எங்கள் கடனீரேரிக்கு நேரே: பாவனையாளர் ஒன்று. மாற்றப்படாது.

கிறிஸ்ரோபர் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளங்காலில் இருந்து ஏறியது. ஒன்பது வருடம் ஒரு பெண்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்த வேலையை, எங்கேயோ ஏசிக்குள் இருக்கிறவன் ஒரு அட்டவணையில் கோடு போட்டுத் தள்ளுகிறான். பெயர்கூட இல்லை. "பங்களித்த அனைவருக்கும் நன்றி" என்று முடித்திருந்தான். அனைவர் என்றால் யார்? அதற்குள் எங்கள் ஜெசிதா எங்கே இருக்கிறாள்?

நேரே கடைக்குப் போனேன். அவள் ஒரு பெட்டி நட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உவங்களுக்கு என்ன விசரோ?"

"இருங்கோ மாமா, தேத்தண்ணி சொல்லட்டோ?"

"தேத்தண்ணியும் மண்ணும்! மூடுறாங்களாம், நீ நட்டு எண்ணுறாய்!"

"மூடுறது பிழையில்லை மாமா. ரெண்டு களஞ்சியத்தை வச்சுக்கொண்டு அவையும் எத்தினை காலத்துக்குக் கஷ்டப்படுறது? பொதுவிலை வந்தா எல்லாருக்கும் லேசு. எங்கடையையும் கொண்டுபோனால் சரி."

"கொண்டுபோகேல்லையே!"

"ஓம். அதுதான் எழுதினனான். மறுமொழி வந்திட்டுது. எங்கடை பொதியை ஒரே ஒரு முகவரிதான் இறக்கியிருக்காம். ஒராளுக்காண்டி பொதுவிலை வைக்க ஏலாதாம்."

"ஒராளோ? நாப்பத்து மூண்டு வள்ளம் ஓடுது! ஆர் அந்த ஒராள்? ஆளைச் சொல்லு, நான் கதைக்கிறன்!"

அவள் நட்டுப் பெட்டியை மூடினாள். "அது எங்கடை சங்கத்து லப்டொப், மாமா."

கடையில் சாமான் வாங்க நின்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜெசிதா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் அடித்தவன் நான் என்று அவள் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

சரி, பிழையில் என் பங்கு கொஞ்சம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணுகிறவனுக்கு எண்ணத் தெரிய வேண்டாமா? ஒரு றேடியோவுக்கு முன்னால் எட்டு வீடு இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா?

பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பொதி அழிந்தால், வருகிற ஓகஸ்டில் பாடு மாறும்போது வள்ளங்களுக்குப் புதுப் படம் போகாது. பழைய படத்தை நம்பிப் போகிறவன் புதுக் கட்டையில் ஏறுவான். படம் இல்லாதவனைவிடப் பிழையான படம் வைத்திருக்கிறவனுக்குத்தான் ஆபத்து. இதை றொகானைக் கேட்டால் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வள்ளக்காரர் அத்தனை பேரையும் சங்க மண்டபத்துக்கு வரப்பண்ணினேன். நான் கூப்பிட்டால் வருவார்கள். எல்லாரும் தங்கள் தங்கள் போனில் பொதியை நேரே இறக்க வேண்டும் என்று கட்டளை போட்டேன். சங்கத்து வைபையின் இரகசிய எண்ணைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். நாற்பத்து மூன்று பேரும் குனிந்துகொண்டு போனைத் தட்டினார்கள். ஒரு மணித்தியாலம் போனது. ஜெசிதா களஞ்சியத்தின் எண்ணிக்கையைத் திறந்து பார்த்தாள்.

"எத்தினை பிள்ளை?"

"ஒண்டு, மாமா."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பின்னால் இருந்து ஒருவன், "செல்வரட்ணம் அண்ணை, நாங்கள் எல்லாரும் ஒரே தாய் பிள்ளையள் எண்டு அவங்களுக்கும் விளங்கியிட்டுது!" என்றான். இன்னொருவன், "அண்ணை, சைக்கிளைக் கவிட்டு மிதிச்சுப் பாருங்கோ!" என்றான். அவன் யார் என்று எனக்குத் தெரியும். அவனுடைய எஞ்சின் இப்போதும் என் பட்டறையில்தான் கிடக்கிறது.

வாசலில் கதிரை போட்டு இருந்த றொகான் தன் மடங்காத காலை இழுத்து நேராக வைத்துக்கொண்டு சொன்னான்: "வைபையை நிப்பாட்டுங்கோ. எல்லாரும் ஒரே வாசலாலை போனால் ஒராள் எண்டுதான் எண்ணுவாங்கள். அவரவர் டேட்டாவிலை இறக்குங்கோ. ஜெசி, எண்ணிக்கை மட்டும் காணாது, ஆக்கள் சொல்லுறதையும் எழுது."

அவன் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் பல வருடம் கேட்டதில்லை.

வைபையை நிறுத்தினோம். ஜெசிதா ஒரு கொப்பியோடு மேசையில் இருந்தாள். ஒவ்வொருவரும் வந்து வள்ள இலக்கத்தையும் பெயரையும் சொல்லி, படம் தனக்கு என்ன செய்தது என்று ஒரு வசனம் சொல்ல வேண்டும். அவள் அதை இங்கிலீசில் எழுதி அனுப்புவாள். அந்த இங்கிலீசும் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. அவர்களோடு எழுதி எழுதிப் பழகினது.

ஒருவன் சொன்னான்: "எனக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்பைக் கண்டால் விலத்துவன். எழுது."

இன்னொருவன்: "ரெண்டு தரம் தப்பினனான். மூண்டு எண்டு போடு, அவங்கள் நம்பட்டும்."

"ரெண்டு எண்டால் ரெண்டுதான்," என்றாள் ஜெசிதா. இரண்டு என்றே எழுதினாள்.

கடைசியாக நான் போய் முன்னால் நின்றேன். முன்னாள் தலைவரின் பெயர் மேலே இருந்தால் கடிதத்துக்குக் கனம் என்று நினைத்தேன்.

"மருமக்கள் ஓடுற உங்கடை ரெண்டு வள்ளமும் எழுதியாச்சு மாமா. நீங்கள் ஓடுற வள்ளத்திலை படம் இருக்கோ?"

"எனக்கு என்னத்துக்குப் படம்? என்ரை தலைக்குள்ளை இருக்கு."

"அப்ப உங்கடை பேர் எழுதேலாது."

"என்ன சொன்னனீ?"

"பாவிக்கிற ஆக்களின்ரை பேர்தான் இதிலை எழுதுறது, மாமா. ஒண்டைக் கூட்டி எழுதினால், மிச்ச நாப்பத்து மூண்டையும் ஆர் நம்புவினம்?"

நாற்பத்து மூன்று பேருக்கு முன்னால்! நான் கூரை போட்ட மண்டபத்தில்! வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி அற்புதராணியிடம் முழுக்கக் கொட்டினேன். வெளிநாட்டுக்காரன் மதிக்கவில்லை, வீட்டுப் பக்கத்துப் பிள்ளையும் மதிக்கவில்லை, இந்தக் கடற்கரையில் மனிசரை ஆளாக எண்ணுகிற ஒருவன் இல்லை என்று கத்தினேன்.

அற்புதராணி நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அவங்கள் அந்தப் பிள்ளையின்ரை வேலைக்கு ஒராள் எண்டாவது எண்ணினவங்கள். உங்கடை வள்ளத்தை வச்சு எண்ணினால் அந்த ஒராளும் இல்லையே."

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பின்னேரமும் சாப்பிடவில்லை. நண்டுக் கறி என்றும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போது போய் நின்றேன். போனை நீட்டினேன். "என்ரை டேட்டாவிலை இறக்கு," என்றேன். அவள் சிரிக்கவில்லை. இறக்கித் தந்தாள்.

அன்றே வள்ளத்தை எடுத்துக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் போனேன். சோதித்துப் பார்க்கத்தான் போனேன். படம் எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடித்து வந்து சொல்லலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. முதல் புள்ளி சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது புள்ளி எனக்குத் தெரியாத இடத்தில் நின்றது. எஞ்சினைத் தூக்கிவிட்டு, வள்ளம் ஊன்றுகிற கழியை இறக்கித் தட்டினேன். கட்டை. அது ஆறு வருடத்துக்கு முன் எனக்கு விழுந்த பாடு. என் தடி. தடி பிடுங்காமல் விட்டவன் நான் இல்லை என்று இருபது வருடம் சங்கத்தில் முழங்கினவன், என் சொந்தக் கட்டையை அந்தப் பிள்ளையின் படத்தில் பார்த்தேன்.

கயிறு போட்டு, மருமகன்மாரைக் கூப்பிட்டு, அதை அன்றைக்கே அசைத்து இழுத்துப் பிடுங்கினோம். கொண்டுவந்து கடை வாசலில் போட்டேன். ஜெசிதா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப புள்ளியை அழிக்கட்டோ மாமா?" என்றாள்.

"அழி. என்ரை பேரை எழுது."

எழுதினாள். கடிதம் போனது. ஆறு நாள் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஆறு நாளும் கிறிஸ்ரோபரைக் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை பிடித்து, வந்ததா வந்ததா என்று கேட்டேன். அவன் என்னைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் போகத் தொடங்கினான். ஜெசிதா மட்டும் வழக்கம்போல நட்டு எண்ணினாள். ஆனால் அந்தக் கிழமை இரண்டு பேருக்குப் பிழையான பெல்ற் கொடுத்துவிட்டாள் என்று கடை முதலாளி சொன்னார். அவளுக்குள்ளும் ஓடியிருக்கிறது.

ஜூன் இருபத்தெட்டாம் திகதி மறுமொழி வந்தது. நாற்பத்து நான்கு வள்ளங்கள் பாவிப்பது தங்களுக்குத் தெரியாது என்றும், கடனீரேரிப் பொதியைப் பொதுக் களஞ்சியத்துக்கு மாற்றியாகிவிட்டது என்றும், பொதிக்குப் பொறுப்பாளராக ஜெசிதாவின் பெயர் போடப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்கக் கிறிஸ்ரோபரை இரண்டு தரம் வாசிக்க வைத்தேன். இல்லை. முப்பதாம் திகதி பழைய களஞ்சியத்தை மூடினார்கள். அந்த ஏழு வரி அறிவித்தல் இன்றும் அப்படியே கிடக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை. அதற்கான என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஓகஸ்டில் வழக்கம்போலச் சீட்டு விழுந்தது. பாடுகள் மாறின. ஜெசிதா கழியோடு போய் வந்து, புதுக் கட்டை பதினேழைச் சேர்த்து, பொதுக் களஞ்சியத்தில் புதுப்பித்திருந்தாள். நான் மண்டப வாசலில் கதிரை போட்டு, றொகானுக்குப் பக்கத்தில் இருந்தேன். உள்ளே போகிற ஒவ்வொருவனிடமும் போனை வாங்கி, சொந்த டேட்டாவில் இறக்கியிருக்கிறானா என்று பார்த்துத்தான் விட்டேன்.

கிறிஸ்ரோபர் பழக்கதோஷத்தில் கழுத்தில் பென்டிரைவோடு வந்தான்.

"கழட்டு," என்றேன்.

"அண்ணை, ஒண்டு ரெண்டு பேருக்கு மட்டும்..."

"கழட்டடா!"

கழற்றித் தந்தான். அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்தவனின் போனுக்குக் கையை நீட்டினேன்.